யார் வீட்டுத் தூக்குவாளி?

பாபநாசத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் இராஜாங்கம், எதை எதோடு வேண்டுமானாலும் ஒட்டிவிடுவார். போன வருஷம் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, அதற்குள் ஒரு வீட்டையே ஒட்டிவிட்டார்.

உள்ளே மடக்குக் கட்டில் உண்டு. கேஸ் அடுப்பு உண்டு. பாத்திரம் கழுவத் தொட்டி உண்டு. வேனின் தலையில் தண்ணீர் டேங்க், முதுகில் சைக்கிள் மாட்டக் கொக்கி. குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கதவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலை மடக்க வேண்டும். கட்டிலை மடக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து வெளியே போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஊர் சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு இதை வாடகைக்கு விடப் போறேன்" என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி நாம ஒரு நடை போயிட்டு வந்துடுவோம்."

நாம என்றால் அவரும் அவருடைய மகள் பிரகதீஸ்வரியும்தான். அம்மா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன ஆனி மாதம் போனவர். தினமும் போனில் வருவார். போனில் மட்டும்தான் வருவார்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் கிளம்பினார்கள். வேனின் மஞ்சள் நிறத்தை மாற்ற அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. லீவு நாளில் ஸ்கூல் வேன் வருவதைப் பார்த்து, திருவாரூரில் ஒரு பையன் அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

திருத்துறைப்பூண்டி தாண்டி, வயல்கள் மெலிந்து, காற்றில் உப்பு வாசம் ஏறும் இடத்தில் ஒரு பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிப்பித்திட்டு. ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பாதி வயலும் பாதி மணலுமாகக் கிடக்கும் சின்னத் தீவு. அங்கே ஒரு பூவரச மரத்தடியில் அப்பா வேனை நிறுத்தினார்.

ஊரே வந்து பார்த்தது.

"அடுப்பு எங்கே இருக்கு?"

"பாத்திரம் கழுவின தண்ணி எங்கே போகும்?"

"கட்டில்லதான்" என்று பிரகதீஸ்வரி சொல்ல நினைத்தாள். ஆனால் கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை. எல்லாரும் வேனை உள்ளேயும் வெளியேயும் பார்த்தார்கள். டயரைத் தட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஹாரனை அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் போய்விட்டார்கள். வேனின் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதை அவர்களில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அப்பாவோ வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். எங்கோ தண்ணீர் ஒழுகியது. அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இந்தப் பயணத்தில் பிரகதீஸ்வரி அதிகம் பேசியது அந்தக் கால்களோடுதான்.

"அப்பா, கடலுக்குப் போவோமா?"

"இந்த ஒரு நட்டு மட்டும்மா" என்றன கால்கள்.

மத்தியானம் அவள் படியில் உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண் வேகமாக வந்தாள். பிரகதீஸ்வரியின் வயதுதான் இருக்கும், கொஞ்சம் உயரம். கையில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அதைப் படியில் வைத்துவிட்டு நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நண்டுக் குழம்பு. உன் பேரு என்ன?"

வாய் நிறைய ரொட்டி. பிரகதீஸ்வரி அவசரமாக மென்றாள். ரோட்டில் ஐஸ் பெட்டி கட்டிய ஒரு டிவிஎஸ் ஹாரன் அடித்தது.

"வாப்பா கூப்பிடுறாங்க!" என்று அந்தப் பெண் ஓடினாள்.

"பிர… கதீஸ்வரி!" என்று இவள் விழுங்கி முடித்துச் சொன்னபோது, வண்டியின் புகைதான் அதைக் கேட்டது.

குழம்பின் வாசனைக்கு அப்பா முழுசாக வெளியே வந்தார். இருவரும் ரொட்டியை அதில் தோய்த்துத் தின்றார்கள். மாங்காய் போட்ட நண்டுக் குழம்பு. விரலைச் சூப்பும்போதுகூட பிரகதீஸ்வரிக்கு அந்தக் கேள்விதான் மனசில் ஓடியது. இந்த ஊரில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையில கிளம்பிடுவோம்" என்றார் அப்பா. "தூக்குவாளியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்துடும்மா. வெறுமனே கொடுக்காதே."

அது அவளுக்கும் தெரியும். பாபநாசத்தில் எந்த வீட்டிலும் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வேனில் சீரகச் சம்பா அரிசி இருந்தது. கழுவித் துடைத்த தூக்குவாளியில் அதைக் கொட்டினாள். அப்போதுதான் மூடியில் வெட்டியிருந்த பேரைப் பார்த்தாள். ஹாஜா மைதீன்.

ஆகா, வேலை சுலபமாகிவிட்டது. ஹாஜா மைதீன் வீட்டுக்குப் போனால் அந்தப் பெண் இருப்பாள். நின்று நிதானமாகப் பேரைச் சொல்லலாம். நேரமிருந்தால் அவள் பேரையும் கேட்கலாம்.

தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஹாஜா மைதீன் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார். கடையும் வீடும் ஒன்றுதான். தூக்குவாளியைப் பார்த்ததும் அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாசை விட்டு வெளியே போனது.

"எங்க கல்யாணத் தூக்குவாளி! ஏ, இங்க வந்து பாரு! ஒரு வருஷமா நான்தான் தொலைச்சேன்னு திட்டினியே!"

அவருடைய மனைவி ஓடிவந்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யா அல்லா! இது எங்கே கெடைச்சுது உனக்கு?"

"உங்க பொண்ணுதான் குழம்பு கொண்டு வந்து கொடுத்துச்சு, மாமி."

"எனக்கு ஏதும்மா பொண்ணு? மூணும் பசங்க. மூணும் துபாய்ல கெடக்குதுங்க."

பிரகதீஸ்வரிக்கு முகம் வாடிவிட்டது.

"போன வருஷ நோன்புக்குக் கஞ்சி ஊத்தி சவரிராஜ் வீட்டுக்கு அனுப்பினேன்" என்று மாமி யோசித்தார். "அதுக்கப்புறம் பார்த்த ஞாபகமே இல்லை. சரி, வந்து சேர்ந்துச்சே. கொடு."

பிரகதீஸ்வரி தூக்குவாளியின் பிடியை விடவில்லை.

"மாமி, குழம்பு கொடுத்த பொண்ணு இதைத் திரும்ப எதிர்பார்க்கும். இல்லைன்னா அவங்க வீட்டுல அதுக்குத்தான் திட்டு விழும். அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டு நானே கொண்டு வர்றேன்."

"தொலைக்காத பொருளுக்குத் திட்டு வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் ஹாஜா மைதீன். "புள்ளை போயிட்டு வரட்டும்."

மாமி அவரை முறைத்துவிட்டு, இறால் வைத்துப் பொரித்த வாடா ஒன்றைப் பிரகதீஸ்வரியின் கையில் திணித்தார். "சாயந்திரம் பள்ளிவாசல்ல பாங்கு சொல்றதுக்குள்ள இது என் கைக்கு வந்துடணும்."

சவரிராஜ் வீட்டு வாசலில் வலை குவிந்து கிடந்தது. அவர் அதில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் சான்ட்ரா சுவரோடு பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தாள். சுவர் ஜெயித்துக்கொண்டிருந்தது. டிவிஎஸ்ஸில் வந்த பெண் இவள் இல்லை.

தூக்குவாளியைப் பார்த்ததும் சவரிராஜ் எழுந்து நின்றுவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"பாய் அனுப்பினாரா?"

"இல்லை அங்கிள். நான்தான் வந்தேன். இது உங்க வீட்டுக்கு வந்துச்சாமே?"

"வந்துச்சு. திருப்பிக் கொடுக்கணும்னுதான் வெச்சிருந்தோம். வெறுமனே எப்படிக் கொடுக்கிறது? நல்ல மீனா கெடைக்கட்டும்னு காத்திருந்தோம்."

"கெடைக்கலையா?"

"கெடைச்சுது" என்று சவரிராஜ் வலையைப் பார்த்தார். "ரொம்ப நல்ல மீனா போச்சு. நாங்களே தின்னுட்டோம்."

சான்ட்ரா சிரித்துவிட்டாள். இறகுப்பந்து சுவரைத் தாண்டிப் போனது.

"அப்புறம் கிறிஸ்துமஸ் வந்துச்சு. அவசரத்துல இதுலயே அதிரசம் போட்டுத் துரைராசு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாய்கிட்ட சொல்லிடாதம்மா. பெரிய சங்கடமாப் போயிடும்."

"சொல்ல மாட்டேன், அங்கிள்."

அந்த வாக்குறுதிக்கு ஒரு தட்டு சுறாப்புட்டு கிடைத்தது. அவர் அதை லஞ்சமாகக் கொடுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார்.

துரைராசு வீடு வயல் பக்கம். அறுவடை முடிந்து, உளுந்தும் பிடுங்கி, வயல்கள் வெடித்துக் கிடந்தன. நிழலே இல்லாத பாதை. துரைராசுவின் மனைவி உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார். தூக்குவாளியைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"இது எப்படி உன் கையில…?"

"அத்தை, இதுல நீங்க யாருக்காவது ஏதாவது கொடுத்தீங்களா?"

"பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். ஐஸ் ஃபேக்டரிக்குப் புதுசா வேலைக்கு வந்திருக்காங்களே, ஜாபிர்னு, அவங்களுக்கு. தனியா அந்தக் கடைசியில இருக்காங்களேன்னு. அவங்களுக்கு ஒரு பொண்ணு. பேரு மர்யம்."

மர்யம். பிரகதீஸ்வரி அந்தப் பேரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மூடியில வேற பேரு இருந்துச்சே அத்தை, பார்க்கலையா?"

"பார்க்காம என்ன? தேங்காய் நாரைப் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன். போகவே இல்லை." அவர் களியில் நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டி வைத்து நீட்டினார். "நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதே."

வயிற்றில் வாடா, சுறாப்புட்டு, களி. மனசில் இரண்டு ரகசியம். பிரகதீஸ்வரி கனமாக மிதித்தாள்.

ஐஸ் ஃபேக்டரி தீவின் மறுகோடியில் இருந்தது. வீடுகள் முடிந்தன. கருவேல மரங்களும் முடிந்தன. ஒரு பக்கம் உப்பு பூத்த வெறும் மண், இன்னொரு பக்கம் கடல். எதிர்க்காற்று சைக்கிளைத் தள்ளித் தள்ளிப் பின்னால் அனுப்பியது. பேச்சுக்குரல் எங்கும் இல்லை. மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். அதையும் காற்று கொண்டுபோய்விட்டது.

ஜாபிர் வீடு பூட்டியிருந்தது.

பிரகதீஸ்வரி வாசல்படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஊர் தெரியவில்லை. பள்ளிக்கூட மைதானம் தெரியவில்லை. ஓர் ஆள்கூடத் தெரியவில்லை. படியின் ஓரத்தில் பல்லாங்குழி ஆடக் குழி வரைந்து, இரண்டு பக்கமும் சோழி போட்டிருந்தது. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. மணலில் ஒரே ஒரு ஜோடிக் காலடி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் போய்ப் போய் வந்திருந்தது.

பிரகதீஸ்வரி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குத் தானே எதிராளியாக ஆடுவது எப்படி என்று அவளுக்கும் தெரியும். அம்மா போனதிலிருந்து தாயம் அவள் அப்படித்தான் ஆடுகிறாள். ஜெயிப்பதும் அவள்தான், தோற்பதும் அவள்தான். இரண்டுக்கும் கைதட்ட ஆள் கிடையாது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாங்கு சொல்வதற்குள் தூக்குவாளி போய்ச் சேர வேண்டும். மர்யத்தைப் பார்க்காமலே கொடுத்துவிட்டால், நாளைக்குக் காலையில் வேன் கிளம்பிவிடும். பேர் சொல்லாமலே போக வேண்டியதுதான்.

அவள் யோசித்தாள். தூக்குவாளியைக் காணோம் என்றால் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? முதலில் கேட்பார்கள். பிறகு திட்டுவார்கள். திட்டு வாங்கின ஆள் என்ன செய்யும்?

"ஐயோ!" என்று குதித்து எழுந்தாள். "அவ என்னைத் தேடி வந்திருப்பா!"

இப்போது காற்று அவள் பக்கம். சைக்கிள் பறந்தது.

பூவரச மரத்தடியில் அப்பாவின் கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மர்யம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் டார்ச் பிடித்து, அந்தக் கால்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் அடி பாப்பா" என்றன கால்கள்.

"மாமா, அங்க ஒழுகலை. இங்கதான் ஒழுகுது" என்றாள் மர்யம்.

பிரகதீஸ்வரி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"பிரகதீஸ்வரி" என்றாள்.

"யாரு?"

"நான்தான். மத்தியானம் கேட்டியே."

மர்யம் சிரித்தாள். "இவ்வளவு நீளமா? அதான் அப்போ சொல்ல முடியலையா?" பிறகு சிரிப்பு நின்றது. "தூக்குவாளி இருக்கா? உம்மா திட்டித் தீர்த்துட்டாங்க. அது எங்களுது இல்லை. இரவல்."

"தெரியும். ஊருக்கே இரவல். ஹாஜா மைதீன் மாமா வீட்டுது. வா, போய்க் கொடுத்துடுவோம்."

மர்யம் பின்வாங்கினாள். "உம்மாவும் பேரைப் படிச்சுட்டுக் கொடுக்கணும் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. எங்களுக்கு அவங்களைத் தெரியாது. ஊருக்குப் புதுசு. அவங்க தூக்குவாளி எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா? திருடிட்டோம்னு நெனைச்சுட்டா?"

"அப்படின்னா அதுல எனக்கு ஏன் குழம்பு கொண்டு வந்தே?"

மர்யம் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டாள்.

"காலையில வாப்பாவோட ஐஸ் வண்டியில போறப்ப, நீ தனியாப் படியில உட்கார்ந்திருந்தே. மத்தியானம் திரும்பி வர்றப்பவும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தே. வீட்டுக்குப் போனதும் கைக்குக் கெடைச்ச வாளியில குழம்பை ஊத்திக்கிட்டு வந்துட்டேன். உன்னை மாதிரிதான் நானும். ஸ்கூலுக்கு ஐஸ் வண்டியில போவேன், ஐஸ் வண்டியிலயே வருவேன். யார்கிட்டயாவது பேச ஆரம்பிச்சா வாப்பா ஹாரன் அடிச்சிடுவாங்க. ஐஸ் உருகிடுமாம்."

பிரகதீஸ்வரி சைக்கிளைத் திருப்பினாள். "ஏறு. நான் பேசிக்கிறேன். நீ சும்மா பக்கத்துல நில்லு."

அவர்கள் டீக்கடை வாசலில் இறங்கினார்கள். பாங்கு இன்னும் சொல்லவில்லை. மாமி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். தூக்குவாளியை வாங்கினார், திறந்தார், அரிசியை மோந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் கேள்வி வந்தது.

"ஒரு வருஷமா இது யார் யார் வீட்டுல இருந்துச்சு? சொல்லு."

மர்யத்தின் விரல்கள் பிரகதீஸ்வரியின் சட்டையைப் பிடித்தன. சவரிராஜ் அங்கிளின் தாழ்ந்த குரலும், அத்தையின் நின்றுபோன கரண்டியும் பிரகதீஸ்வரியின் நினைவுக்கு வந்தன.

"அது ஊர் சுத்திப் பார்க்கப் போயிருந்துச்சு மாமி" என்றாள். "என்னை மாதிரி. போன இடத்துல எல்லாம் நல்லா சாப்பிட்டுச்சு. இப்போ வீட்டுக்கு வந்துடுச்சு."

ஹாஜா மைதீன் கிளாசைக் கழுவுகிற மாதிரித் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. மாமி சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை.

"வாயாடி! இது யாரு பக்கத்துல?"

"மர்யம். ஐஸ் ஃபேக்டரி ஜாபிர் மாமா பொண்ணு. இதுதான் பத்திரமா வெச்சிருந்து கொடுத்துச்சு."

"ஜாபிர் மவளா? ஏண்டி, பொங்கலுக்கு வந்த குடும்பம் இன்னும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலையே?"

"ரொம்ப தூரம் மாமி" என்றாள் மர்யம். அவள் குரல் கொசு மாதிரி இருந்தது.

மாமி தூக்குவாளியை உள்ளே கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி அது வாசலைத் தாண்டாது என்று கடைக்கே கேட்கும்படி அறிவித்தார். பிறகு இரண்டு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் டப்பாக்களில் இடியாப்பமும் கறியும் வைத்துக் கொடுத்தார். "இந்த டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம். தின்னுட்டுத் தூக்கிப் போட்டுடுங்க."

இருவரும் டப்பாவைப் பார்த்தார்கள். திருப்பித் தர வேண்டாம் என்றால், திரும்பி வரவும் வேண்டாம். மர்யமும் அதைத்தான் நினைத்தாள் போலிருக்கிறது. ரோடு வரைக்கும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே வந்தாள்.

"இருட்டப் போகுது" என்றாள் பிரகதீஸ்வரி. "நடந்து போகாதே. சைக்கிளை எடுத்துட்டுப் போ. காலையில கொண்டு வா."

மர்யத்துக்குக் கால் நன்றாக எட்டியது.

ராத்திரி பிரகதீஸ்வரி சுறாப்புட்டு தின்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது, "இந்த ஒரு நட்டு மட்டும்மா" என்றன கால்கள்.

காலையில் அப்பா அடுப்பை அணைத்து, கட்டிலை மடக்கிக்கொண்டிருந்தார். மணிச்சத்தம் கேட்டது. மர்யம் வந்து இறங்கினாள். சைக்கிள் துடைத்துப் பளபளவென்று இருந்தது. கேரியரில் ஒரு பொட்டலம்.

"கருவாடு. உம்மா கொடுத்தாங்க. சைக்கிளை வெறுமனே கொடுக்கக் கூடாதாம்."

பிரகதீஸ்வரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். சைக்கிளைப் பார்த்தாள். மர்யத்தைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் கை வைத்து, சந்தையில் மாடு பிடிக்க வந்த ஆள் மாதிரி யோசித்தாள்.

"கருவாடு போதாது" என்றாள்.

"போதாதா?"

"இவ்வளவு பெரிய சைக்கிளுக்கு இத்தனூண்டு கருவாடா? நல்லதா ஏதாவது கெடைக்கட்டும். அப்புறம் கொடு. அதுவரைக்கும் நீயே வெச்சிரு."

மர்யத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் கண் ஓரம் லேசாக நனைந்தது. "கெடைக்க ரொம்ப நாளாகுமே" என்றாள்.

"எனக்கு அவசரமில்லை. சான்ட்ரான்னு ஒரு அக்கா இருக்கு. சுவரோட விளையாடித் தோத்துக்கிட்டே இருக்கு, பாவம். சைக்கிள்ல போனா கிட்டக்கத்தான். போயிட்டு வா."

அப்பா வேனை எடுத்தார். பாலம் வரைக்கும் மர்யம் கூடவே மிதித்து வந்தாள். பாலத்தின் நடுவில் நின்று, மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். மணிச்சத்தம் நின்ற பிறகும் பிரகதீஸ்வரி கண்ணாடியில் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருத்துறைப்பூண்டியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் அப்பா வண்டியின் பின்பக்கம் போனார். கொக்கி காலியாக இருந்தது.

"பிரகதி! சைக்கிள் எங்கே? விழுந்துடுச்சா?"

"விழலை. மர்யம்கிட்ட இரவல் கொடுத்திருக்கேன்."

"எப்போ திருப்பிக் கொடுப்பா?"

"வெறுமனே கொடுக்கக் கூடாது இல்லப்பா? அதனால கொஞ்சம் நாளாகும்."

"கொடுக்கவே இல்லைன்னா?"

"அடிக்கடி போய்க் கேட்கணும்" என்றாள் பிரகதீஸ்வரி. "ஒவ்வொரு லீவுக்கும்."

அப்பா அவளையும் காலிக் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் இரண்டு டீ சொல்லிவிட்டு, தரையில் படுக்காமல், அவள் பக்கத்தில் படியில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு. அந்த சுறாப்புட்டு எப்படி இருந்துச்சு?"